ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்: பேர் எழுதுகிற சத்தம்

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று புரொஜெக்டரில் கலர் அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுவார்கள். ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ திரையிடலில் நடக்கிற முதல் தப்பு இதுதான். படம் கலரில்தான் தொடங்குகிறது. ஒரு யூத வீட்டில் ஓய்வுநாள் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், ஆட்கள் மறைகிறார்கள், சுடர் அடங்கும்போது கடைசிச் சொட்டு மஞ்சளும் அணைகிறது, எழும்புகிற புகை ரயில் என்ஜின் புகையாக மாறும்போது திரை கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. பிற்பாடு ஒரு சிறுமியின் சிவப்புக் கோட்டு. இன்னும் பிற்பாடு, தொழிற்சாலைக்குள் மறுபடி ஏற்றப்படும் சுடர். முடிவில் முழுக் கலர். கலரைக் கொன்றுவிட்டால் இந்த நான்கும் போச்சு. பார்க்கிறவருக்கு எதை இழந்தோம் என்றுகூடத் தெரியாது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1993-ல் வந்த படம். நீளம் 195 நிமிடம். 12 ஆஸ்கர் பரிந்துரை, 7 விருது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் தாமஸ் கெனீலி 1982-ல் எழுதிப் புக்கர் பரிசு வாங்கிய நாவல் மூலம். இரண்டாம் உலகப் போரில் போலந்தின் கிராக்கோவ் நகரத்துக்குக் காசு பார்க்க வந்த ஒரு ஜெர்மன் வியாபாரி, கடைசியில் தன் தொழிலாளர்களான ஆயிரத்துச் சொச்சம் யூதர்களைக் காசு கொடுத்து மீட்கிற கதை.

குமரி மாவட்டத்தில் இந்தப் படத்தைப் பெரும்பாலும் தவக்காலத்தில்தான் எடுக்கிறார்கள். தேவாலயப் பங்கு மண்டபத்தில் திரை கட்டி, இயேசுவின் பாடுகளின் படம் போடுகிற அதே வரிசையில் இதையும் வைக்கிறார்கள். வைக்கலாம், தப்பில்லை. ஆனால் புனிதர் வரலாறு பார்க்கிற மனநிலையோடு வந்து உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் முழுக்க ஏமாற்றம்தான். ஷிண்ட்லர் குடிப்பார், பெண்களோடு திரிவார், கள்ளச்சந்தையில் சரக்கு வாங்குவார், கோட்டில் நாஜிக் கட்சிச் சின்னம் குத்தியிருப்பார். கிராக்கோவ் பேராலயத்துக்குள் பெஞ்சில் உட்கார்ந்து கள்ள வியாபாரம் பேசுகிற காட்சி ஒன்று உண்டு. யூதர் என்று காட்டும் கைப்பட்டியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த யூத வியாபாரிகள் பெஞ்சில் இருந்தபடியே விலை பேசுவார்கள். நம்மூர் மண்டபங்களில் நிச்சயம் சிரிப்பு வருகிற இடம் அது. சிரிக்கட்டும். படமும் அங்கே சிரிப்பைத்தான் கேட்கிறது.

இது கண்ணீர்ப் படம் என்று பெயர் வாங்கியது. எனக்குத் தோன்றுவது வேறு. இது ஆபீஸ் வேலையைப் பற்றிய படம். தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் சிவப்புக் கோட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். படத்தின் முதுகெலும்பு மேசை, மை, முத்திரை, தட்டச்சுப் பொறி. தொடக்கத்திலேயே பாருங்கள்: ரயில் நிலையத்தில் ஒரு மடக்கு மேசையை விரித்து வைக்கிறார்கள். அடுத்து பத்து மேசை, நூறு மேசை. எதிரே நிற்கிற ஒவ்வொரு முகமும் தன் பெயரைச் சொல்கிறது. தட்டச்சு அச்சு காகிதத்தில் வந்து அடிக்கிறது. கொலை அங்கே தொடங்கிவிட்டது, ஒருவருக்கும் தெரியாமல். கடைசியில் அதே தட்டச்சு, அதே மாதிரிக் காகிதம், அதே பெயர்கள்; ஆனால் அந்தக் காகிதம் உயிரைக் காப்பாற்றுகிறது. கருவி ஒன்றுதான். ரேஷன் கார்டில் ஒரு பேர் விட்டுப்போனால் தாலுகா ஆபீஸ் வாசலில் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, பங்குப் பதிவேட்டில் ஒரு எழுத்து மாறியதால் கல்யாணமே தள்ளிப்போனதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் படத்தின் பயம் சட்டென்று பிடிபடும். இங்கே பேர் விட்டுப்போனால் அலைச்சல். அங்கே உயிர்.

நீல முத்திரை வரும் காட்சி அதற்கு நல்ல உதாரணம். கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதியில், அவசியத் தொழிலாளி என்று நீல முத்திரை வாங்கியவர்கள் தப்புவார்கள், மற்றவர்கள் லாரியில். வரலாறும் இலக்கியமும் கற்பித்த ஆசிரியர் ஒருவர் வரிசையில் வருகிறார். அவசியமில்லாதவர் என்று திருப்பிவிடுகிறார்கள். அவருக்குப் புரியவில்லை, நான் பாடம் நடத்துகிறேன், அது எப்போதிலிருந்து அவசியமில்லாமல் போனது என்று நிற்கிறார். கணக்குப்பிள்ளை இட்சாக் ஸ்டெர்ன் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், உலோகம் மெருகேற்றுகிறவர் என்று ஒரு சான்று தயாரிக்கிறார். புதுக் காகிதம் சந்தேகத்தைக் கிளப்பும். அதனால் கசக்கிக் கறைபடியவிட்டுப் பழசாக்குகிறார்கள். ஆசிரியர் மறுபடி வரிசைக்குப் போகிறார், முத்திரை விழுகிறது. வசனம் மிகக் குறைவு. கைகள்தான் வேலை செய்கின்றன. ஸ்டெர்னாக நடித்த பென் கிங்ஸ்லியை நம் ஆட்களுக்கு 1982-ன் காந்தியாகத் தெரியும். இங்கே முகத்தை அசைக்காமலேயே அவர் செய்கிற வேலையைத் தனியாக ஒருமுறை பார்க்கலாம்.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ரயில் காட்சி. அடையாளச் சீட்டை வீட்டில் மறந்து வைத்த ஸ்டெர்ன் தவறான ரயிலில் ஏற்றப்பட்டுவிடுகிறார். ஷிண்ட்லர் நிலையத்துக்கு ஓடி வருகிறார். பட்டியல் வைத்திருக்கிற எழுத்தர் கையை விரிக்கிறான்: பேர் பட்டியலில் இருக்கிறதே, நான் என்ன செய்ய. அவன் கெட்டவனாக நடந்துகொள்வதில்லை. ஒழுங்கான அலுவலகக் குரல், அவ்வளவுதான். ஷிண்ட்லர் அவனுடைய பெயரையும் அதிகாரியின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். இரண்டு பேரும் மாத முடிவுக்குள் தென் ரஷ்யப் போர்முனையில் இருப்பீர்கள் என்கிறார். அடுத்த நொடி மூன்று பேரும் ரயில் ஓரமாக ஸ்டெர்ன், ஸ்டெர்ன் என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பெயரைப் பட்டியலில் எழுதுகிறவனுக்குத் தன் பெயர் இன்னொரு பட்டியலில் ஏறும் என்ற பயம் வந்தால்தான் பட்டியல் திருத்தப்படுகிறது. முழுப் படமும் இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. ஆளை மீட்டதும் கேமரா ஷிண்ட்லரோடு போவதில்லை. அந்த ரயிலில் போனவர்களின் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஒரு கிடங்குக்குப் போகிறது. பெயர் எழுதிய பெட்டிகள் திறக்கப்பட்டு, துணி ஒரு குவியல், போட்டோ ஒரு குவியல், கண்ணாடி ஒரு குவியல். கடைசியில் நகை மதிப்பிடுகிறவரின் மேசையில் ஒருவன் ஒரு பொட்டலத்தைக் கவிழ்க்கிறான்: தங்கம் கட்டிய பற்கள்.

தொழிற்சாலையைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே பலரும் அதை ஏதோ ஆயுதத் தொழிற்சாலை என்றே நினைக்கிறார்கள். கிராக்கோவ் லிபோவா தெரு 4-ஆம் எண்ணில் இருந்தது எனாமல் பாத்திரத் தொழிற்சாலை. பழைய வீடுகளில் இன்னும் கிடக்குமே, வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு, கீழே விழுந்தால் விளிம்பு பெயர்ந்து கறுப்புத் தெரியும், அதே சரக்குதான். இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திப் பாத்திர வடிவம் கொடுத்து, கண்ணாடிப் பொடிக் குழம்பில் முக்கி, 800 டிகிரிப் பக்கம் சூளையில் சுட்டால் எனாமல். படையினரின் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு இராணுவ ஒப்பந்தம். மிஞ்சியது கள்ளச்சந்தையில் பண்டமாற்றுக்கு. அச்சு இயந்திரத்தின் சத்தம், வரிசையாகத் தொங்குகிற பாத்திரம் எல்லாம் படத்தில் சரியாக வருகின்றன. அந்தக் கட்டிடம் 2010 முதல் அருங்காட்சியகம். பிற்பாடு செக் நாட்டுப் புரூன்லிட்ஸுக்கு மாறியபோது படத்தில் பீரங்கிக் குண்டுக் கூடு செய்கிறார்கள், அதுவும் வேண்டுமென்றே உருப்படாமல்.

கதவுக் கீல் காட்சியை விட்டுவிட முடியாது. யூதர்களை அடைத்து வேலை வாங்கிய பிளாஷுவ் முகாமின் தளபதி ஆமோன் கோத், கீல் செய்கிற ஒரு ராபியின் (யூத மதகுரு) மேசைக்கு வந்து, ஒன்று செய்து காட்டு என்று கடிகாரத்தைப் பார்க்கிறான். ராபியின் கை அசுர வேகத்தில் ஓடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் கீல் தயார். நல்லது என்கிறான் கோத். ராபிக்கு உயிர் வருகிறது. அடுத்த கேள்வி: இந்த வேகத்தில் செய்கிறவன் காலையிலிருந்து இவ்வளவுதானா செய்திருக்கிறாய்? திறமையைக் காட்டியதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. வெளியே இழுத்துக்கொண்டு போய் மண்டியிட வைத்துத் துப்பாக்கியை அழுத்துகிறான், வெடிக்கவில்லை. மறுபடி அழுத்துகிறான், வெடிக்கவில்லை. வேறு துப்பாக்கி, அதுவும் இல்லை. அதற்குள் ராபி முதுகைக் காட்டியபடியே, இயந்திரம் பழுதுபார்க்கப் போயிருந்தது, நான் கரி அள்ளப் போயிருந்தேன் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இசை கிடையாது. விசை மட்டும் டக், டக் என்று சொல்லிக்கொண்டிருக்கும். கூடத்தில் ஒலி சரியில்லையென்றால் இந்தக் காட்சி செத்துவிடும்.

ரால்ஃப் ஃபைன்ஸ் நடித்த கோத் பாத்திரம் படத்தின் பலமும் ஆபத்தும். முகாம் கட்டும்போது அஸ்திவாரம் தப்பு என்று எடுத்துச் சொன்ன யூதப் பெண் பொறியாளர் டயானா ரைட்டரை அங்கேயே சுடச் சொல்லிவிட்டு, அவர் சொன்னபடியே இடித்துக் கட்டுங்கள் என்கிறான். அவனுடைய எல்லாக் குணமும் அந்த ஒரு உத்தரவில் தெரிந்துவிடுகிறது. பிறகு பால்கனியிலிருந்து கைதிகளைச் சுடுகிற காட்சி, கண்ணாடி முன் மன்னிப்புப் பழகுகிற காட்சி என்று வரவர அவன் திரையை நிறைத்துவிடுகிறான். மாணவர்கள் பார்த்து முடித்த பின் ஷிண்ட்லரைவிட அவனைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். விவாதம் நடத்துகிறவர் இதை எதிர்பார்த்தே உட்கார வேண்டும். எழுத்தர்கள், ரயில்வேக்காரர்கள், மேசைக்காரர்கள் பக்கம் பேச்சைத் திருப்பினால் உருப்படியாக ஏதாவது கிடைக்கும். ஒரு வெறியன் இல்லையென்றாலும் அந்த மேசைகள் ஓடியிருக்கும்.

1943 மார்ச் 13-ல் தொடங்கிய கெட்டோ ஒழிப்பு, முதல் ஒரு மணி நேரம் முடிகிற தறுவாயில் வருகிறது. கால் மணி நேரத்துக்குப் பக்கம் ஓடும். பெரும்பாலும் தோளில் வைத்த கேமரா. ஒளிப்பதிவு யானுஷ் கமின்ஸ்கி. மொத்தப் படத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் கையில் பிடித்து எடுத்ததுதான். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு டாக்டர் விஷ மருந்து ஊற்றிக் கொடுக்கிறார், படை வருவதற்கு முன்னால். இரவில் ஒளிந்திருந்தவர்களைச் சுட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் ஒரு படைவீரன் பியானோ வாசிக்கிறான். இன்னொருவன் பாக் என்கிறான், மற்றவன் மொசார்ட் என்கிறான். அது பாக்தான். இதையெல்லாம்விட நமக்குக் குத்துகிற இடம் கொஞ்சம் முன்னால், யூதர்கள் மூட்டைமுடிச்சோடு கெட்டோவுக்குப் போகும்போது வருகிறது. தெருவோரம் நிற்கிற ஒரு சிறுமி ‘குட்பை, யூதர்களே’ என்று கூச்சல் போட்டபடி சேற்றை வாரி எறிகிறாள். அவள் படைக்காரி இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை. 1982 மண்டைக்காடு கலவரத்தை நினைவில் வைத்திருக்கிற மாவட்டத்தில் அந்தச் சில நொடிகளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இனி, படம் வரலாற்றிலிருந்து விலகுகிற இடங்கள். ஷிண்ட்லரும் ஸ்டெர்னும் இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பேராகச் சொல்லித் தட்டச்சு செய்வது சினிமா. உண்மைப் பட்டியலில் பேர் ஏற்றுவதில் பெரிய கை, மார்செல் கோல்ட்பெர்க் என்ற முகாம் எழுத்தருடையது. அவர் லஞ்சம் வாங்கிக்கொண்டு சிலரைச் சேர்த்தார், சிலரை விட்டார் என்று தப்பியவர்களே சொல்லியிருக்கிறார்கள். படத்து ஸ்டெர்ன் ஒரே ஆள் இல்லை: தொழிற்சாலையை உண்மையில் ஓட்டிய ஆபிரகாம் பாங்கியர், கோத்திடம் சுருக்கெழுத்தாளராக இருந்து ரகசியக் கடிதங்களைப் படித்த மியெடெக் பெம்பர், அசல் ஸ்டெர்ன் ஆகிய மூன்று பேரை ஒருவராக்கியிருக்கிறார்கள். ஆண்கள் நேராக புரூன்லிட்ஸ் போய்ச் சேருவதாகப் படம் காட்டுகிறது. அவர்கள் கிராஸ்-ரோசன் முகாம் வழியாகத்தான் போனார்கள். பெண்கள் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் போனது காகிதத் தவறு என்கிறது படம். அப்படி ஒரு முகாம் வழியாக அனுப்புவது அன்றைய நடைமுறைதான், ஆனால் அங்கே மூன்று வாரம் சிக்கிக்கொண்டதில் இருந்த ஆபத்து நிஜம்.

பெரிய குறை எமிலி. ஷிண்ட்லரின் மனைவியைப் படம் ஓரத்தில் நிற்கவைத்துவிடுகிறது. 1945 ஜனவரியில் கோலஷாவ் என்ற துணை முகாமிலிருந்து பூட்டிய சரக்கு ரயில் பெட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் பனியில் உறைந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள். சிலர் உள்ளேயே செத்திருந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் கஞ்சி ஊட்டித் தேற்றியதில் எமிலியின் பங்கு பெரிது. இந்தச் சம்பவம் படத்தில் ஒரு ஷாட்கூட இல்லை. படம் 1,100 என்கிறது. இவர்களையும் சேர்த்துத்தான் வரலாற்று நூல்களில் 1,200 என்று பார்க்கிறீர்கள். எமிலி 2001 வரை உயிரோடு இருந்தார். படத்தின் கடைசிக் கலர்க் காட்சியில் நேரில் வருகிறார்.

விடைபெறும் காட்சியில் ஷிண்ட்லர் உடைந்து அழுவதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். முதல் காட்சியில் அவரை அறிமுகப்படுத்தும்போது முகத்தைக் காட்டாமல் கைகளை மட்டும் காட்டியிருப்பார்கள்: கைக்கடிகாரம், பணக்கட்டு, கடைசியாகக் கோட்டில் குத்துகிற கட்சிச் சின்னம். அதே தங்கச் சின்னத்தைக் கடைசியில் கழற்றி, இதை விற்றிருந்தால் இரண்டு பேர், குறைந்தது ஒருவர் என்று கணக்குப் போடுகிறார். வியாபாரி கடைசியில் மனிதர்களை விலையில் எண்ணுகிறார். அதுவரை நெஞ்சில் நிற்கிறது. அதற்குப் பிறகு அழுகையும் அணைப்பும் வயலினும் நீளுகின்றன. மூன்று மணி நேரம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த இயக்குநர் அங்கே நம் தோளைப் பிடித்து உலுக்குகிறார். ஆஷ்விட்ஸ் குளியலறைக் காட்சியும் அப்படித்தான். விஷவாயுவா தண்ணீரா என்று பதைக்க வைப்பது திகில் படத்துக்குரிய தந்திரம். இந்தப் படத்துக்கு அது தேவையில்லை. இட்சாக் பெர்ல்மன் வாசித்த வயலினை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

திரையிடப் போகிறவர்களுக்குச் சில காரியங்கள். நேரம் முதலில். 195 நிமிடத்தோடு கால் மணி நேர இடைவேளை, முன்னுரை, விவாதம் எல்லாம் சேர்ந்தால் நாலரை மணி நேரம். மாலை 6-க்குத் தொடங்கினால் கிராமத்துக்குப் போகிறவர்களுக்குக் கடைசி டவுன் பஸ் போய்விடும். விவாதத்துக்குப் பத்துப் பேர்கூட மிஞ்ச மாட்டார்கள். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து 10 மணிக்கு வைப்பதே நல்லது. ஆனால் பகல் வெளிச்சம் இந்தப் படத்துக்கு விஷம். கலர்ப் படத்தில் ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் விழுந்தாலும் கண் சமாளித்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளையில் கறுப்பு சாம்பலாகிவிடும், பாதாள அறைக் காட்சிகளில் முகமே தெரியாது. ஜன்னலுக்குச் சாதாரணத் திரைச்சீலை போதாது. கறுப்புத் தார்ப்பாயை வெளிப்பக்கம் கட்ட வேண்டும். மேல் வென்டிலேட்டர்களை மறந்துவிடுவார்கள், அதையும் அடைக்க வேண்டும். தகரக் கூரை மண்டபம் என்றால் ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பர் வேண்டாம். இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டம் இது. தகரத்தில் மழை விழுந்தால் ஸ்டெர்ன் பேசுவது ஒரு வார்த்தை கேட்காது.

இடைவேளைக்கென்று படத்தில் இடம் இல்லை. சொல்ல ஆள் இல்லாவிட்டால் எங்காவது நிறுத்திவிடுவார்கள், பெரும்பாலும் கெட்டோ ஒழிப்பு முடிந்ததும். அது கூடாது. டீயும் பிஸ்கட்டும் தொண்டையில் இறங்காது, பின்பாதியும் இரண்டு மணி நேரமாகிவிடும். வெயிலில் நிற்கிற சரக்கு ரயில் பெட்டிகளுக்கு ஷிண்ட்லர் குழாயில் தண்ணீர் அடிக்கச் சொல்கிற காட்சி பாதியைத் தாண்டி வரும். அது முடிந்ததும் நிறுத்தலாம்; கதை அங்கே ஒரு மூச்சு விடுகிறது.

படத்தின் அளவு விகிதம் 1.85:1. அகலத் திரை புரொஜெக்டரில் மேலும் கீழும் நூல் அளவு கறுப்புப் பட்டை வரும். அதைப் போக்க இழுத்து நிரப்பினால் முகம் நீண்டுவிடும். பழைய 1024-க்கு 768 பள்ளிக்கூடப் புரொஜெக்டர் என்றால் 768 வரியில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 553 வரிதான், மற்றது வீண். பட அமைப்பில் ‘டைனமிக்’, ‘விவிட்’ வேண்டாம்; சாம்பல் எல்லாம் பச்சையோ நீலமோ அடிக்கும். ‘சினிமா’ அமைப்பில் வைத்து, ஒரு முகத்தைப் பார்த்துச் சாம்பல் சுத்தமாக இருக்கிறதா என்று சோதியுங்கள். டி.வி.யில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியைக் கண்டிப்பாக அணைக்க வேண்டும். இல்லையென்றால் கெட்டோ காட்சி மெகா சீரியல் போலத் தெரியும். சுழலும் வண்ணத் தட்டு உள்ள மலிவான டி.எல்.பி. புரொஜெக்டரில், வெள்ளை எழுத்து கறுப்பின் மேல் வரும்போது சிலருக்கு வானவில் கீற்று தெரியும். அது படத்தின் கோளாறு இல்லை, கண் நகரும் வேகத்தில் வருவது. கறுப்பு வெள்ளையில் இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

வட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க: 2018-ல் வந்த 4கே பதிப்பின் தரம் அருமை, கமின்ஸ்கியின் படச்சுருள் மணல் அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்கு 4கே வட்டு ஓடும் பிளேயர் வேண்டும், சாதாரண புளூரே பிளேயர் படிக்காது. அகல ஒளிவீச்சு (எச்.டி.ஆர்.) இல்லாத புரொஜெக்டருக்கு அந்த வட்டைக் கொடுத்தால் படம் மங்கிப்போகும். மண்டபத்துக்கு 2013 புளூரே போதும். புளூரே வாங்கும்போது இந்தியா ‘சி’ மண்டலம் என்பதை நினைவில் வையுங்கள். 4கே வட்டுக்கு மண்டலக் கட்டுப்பாடு கிடையாது.

ஒலிக்கு மைக் செட்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மிக்சரில் எக்கோவை ஏற்றி வைத்திருப்பார், பாட்டுக்கு அது வேண்டும். படத்துக்கு எக்கோ சுத்தமாகப் பூஜ்யம். பிளேயரில் 5.1 ஒலியைத் தேர்ந்து, இடது வலது இரண்டு வயரை மட்டும் மிக்சரில் குத்தினால் இசை பிரமாதமாகக் கேட்கும், வசனம் கேட்காது. வசனம் நடுச் சேனலில் இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை. பிளேயரில் இரு சேனல் ஒலிக்கு மாற்றினால் தீர்ந்தது. லேப்டாப்பிலிருந்து ஓட்டும்போது பாக்ஸில் ஊஊ என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்; பெரும்பாலும் எர்த் பிரச்சினைதான்.

தமிழில் துணை எழுத்து தயாரித்துப் போடுகிறவர்கள் எஸ்.ஆர்.டி. கோப்பை யூ.டி.எஃப்-8-ல் சேமியுங்கள், இல்லையென்றால் திரை முழுக்கக் கேள்விக்குறி. கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் பிரிந்து தெரிந்தால் எழுத்துருவை மாற்றுங்கள். வினாடிக்கு 25 பிரேம் உள்ள பதிப்பில் படம் வேகமாக ஓடி 187 நிமிடத்தில் முடிந்துவிடும். 24-க்குச் செய்த துணை எழுத்து முதலில் ஒத்துப்போகும், கடைசியில் 8 நிமிடம் பின்தங்கும். முதல் ஐந்து நிமிடம் மட்டும் பார்த்துச் சரி என்று விட்டுவிடக் கூடாது. கடைசிக் காட்சியிலும் சோதிக்க வேண்டும். ஜெர்மன், போலந்துக் கத்தல்கள் பலவற்றுக்கு மூலத்திலேயே எழுத்து கிடையாது. அவற்றை மொழிபெயர்க்க வேண்டாம். புரியாமல் கேட்பதுதான் அங்கே நோக்கம்.

கரண்ட் போனால் புரொஜெக்டர் விளக்கு ஆறுவதற்குள் விசிறி நின்றுவிடும். விளக்கின் ஆயுள் போகும். கணினிக்கு வைக்கிற 600 விஏ யூ.பி.எஸ். சில நிமிடம்தான் தாங்கும். புரொஜெக்டர் 300 வாட், ஆம்ப்ளிஃபயரும் லேப்டாப்பும் சேர்ந்து 200 என்று வைத்தால், 150 ஏஎச் பேட்டரியோடு ஒரு நல்ல இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். ஜெனரேட்டர் வைத்தால் மண்டபத்தின் பின்புறம், சத்தம் கேட்காத தூரத்தில்.

சட்டம்: வீட்டு வட்டைப் பொது மண்டபத்தில் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும், இலவசம் என்றாலும். பள்ளி, கல்லூரிக்கு மட்டும் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. பார்க்கிறவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். வயது 16-க்குக் கீழே வேண்டாம். படுக்கையறைக் காட்சி ஒன்றிரண்டு உண்டு. அதைவிட, மருத்துவத் தேர்வில் ஆணும் பெண்ணும் அம்மணமாக டாக்டர்கள் முன்னால் ஓடுவார்கள். பெண்கள் விரலைக் குத்தி ரத்தத்தைக் கன்னத்தில் பூசி ஆரோக்கியம் காட்டப் பார்ப்பார்கள். அம்மணம் என்று அந்தக் காட்சியை வெட்டினால் படத்தையே போடாமல் இருக்கலாம். முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள், போதும்.

அவ்வளவு நீளம் முடியாது என்கிறவர்களுக்கு 2023-ல் வந்த ‘ஒன் லைஃப்’ இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. பிராகாவிலிருந்து 669 குழந்தைகளை ரயிலேற்றிய நிக்கோலஸ் வின்டனின் கதை, அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்தது. அங்கும் மேசை, விசா, போட்டோ, பட்டியல்தான். வன்முறை மிகக் குறைவு. எட்டாம் வகுப்புக்குக்கூடப் போடலாம். ஆனால் படமாகப் பார்த்தால் இதன் பக்கத்தில் நிற்காது.

முடிவில் விளக்கைப் போடுகிறவருக்கு முன்னமே சொல்லிவையுங்கள். கலர் வந்ததும் படம் முடிந்தது என்று ட்யூப்லைட்டைத் தட்டிவிடுவார்கள். ஜனம் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். எருசலேம் சீயோன் மலைக் கத்தோலிக்கக் கல்லறையில் நடிகர்களும் அவர்கள் நடித்த அசல் மனிதர்களும் ஜோடி ஜோடியாக வந்து ஷிண்ட்லரின் கல்லறை மேல் கல் வைக்கிறார்கள். யூத வழக்கம் அது. கடைசியில் பூ வைக்கிறவர் ஷிண்ட்லராக நடித்த லியாம் நீசன். அதற்குப் பிறகும் சுவிட்சில் கை வைக்க வேண்டாம். பெயர்ப் பட்டியல் ஓடும்போது பின்னால் தெரிகிற சாலையைப் பாருங்கள்: பிளாஷுவ் முகாமை யூத இடுகாட்டின் மேல்தான் கட்டினார்கள், அங்கிருந்து பெயர்த்த கல்லறைக் கற்களைத்தான் சாலைக்குப் பாவியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது.